வானம் பார்த்த பூமியும் வானிலைச் சொல்லும்

   

மழையை மட்டுமே நம்பி விளையும் நிலத்தைத் தமிழ் மக்கள் 'வானம் பார்த்த பூமி' என்றனர். நிலத்திற்குக் கண் உண்டு என்றும், அக்கண் எந்நேரமும் மேலே நோக்கியிருக்கும் என்றும் எண்ணிய மக்களின் சொல் அது. வேடசந்தூரிலும் குஜிலியம்பாறையிலும் நத்தத்திலும் அத்தகைய நிலம் பரந்து கிடக்கிறது. அந்நிலத்தை உழுபவன் ஒருபுறம் வானத்தைப் பார்க்கிறான். வானிலை அறிஞரும் அதே வானத்தைத்தான் பார்க்கின்றனர். கருவிகளால் அளக்கின்றனர், நாடுகள் கடந்து கூடி ஆய்கின்றனர், ஆய்ந்ததை அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பு உழவனின் செவியை அடையும்போது என்ன பொருளாக மாறுகிறது? இவ்வினா அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று. சொல்லைப் பேணும் இலக்கிய அவைக்கும் உரியதே என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நான்கு காற்றும் ஒரு மலையும்

பழந்தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனியே பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இவற்றுள் கொண்டல் என்னும் சொல் கீழ்க்காற்றையும் குறிக்கும், மேகத்தையும் குறிக்கும். கோடை என்னும் சொல் மேல்காற்றையும் குறிக்கும். வெயிற் காலத்தையும் குறிக்கும். காற்று எத்திசையிலிருந்து வந்தால் மழை, எத்திசையிலிருந்து வந்தால் வறட்சி என்னும் அறிவு முழுவதும் இவ்விரு சொற்களிலேயே அடங்கிவிடுகிறது.

திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்ப்பவர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தையெல்லாம் கேரளத்தின் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது அக்காற்று வெப்பமடைகிறது. வெப்பமடைந்த காற்றில் மேகம் கரையுமேயன்றித் திரளாது. ஆகவே ஆடிமாதக் காற்று இங்கே புழுதியைக் கிளப்புகிறது. மழையைக் கொணர்வது அரிது. பழனி மலையின் உச்சியில் முகில் தவழ்வதைக் கண்ணால் கண்டுகொண்டே, அடிவாரத்து உழவன் கிணற்றில் நீர் இறங்குவதையும் காண்கிறான். இதையே அறிவியலார் மழை மறைவுப் பகுதி என்பர்.

ஐப்பசியில் காற்றின் திசை மாறுகிறது. வங்கக் கடலின் மேல் தவழ்ந்துவரும் கொண்டலே இச்சமவெளிக்கு வாழ்வளிக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், திசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்வது. அம்மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் வேறுபடும். 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் இயல்பினும் 53 விழுக்காடு மிகுதியாக மழை பெய்தது. மறு ஆண்டே இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. ஒரே உழவன், ஒரே வயலில், பன்னிரண்டு திங்கள் இடைவெளியில் வெள்ளத்தையும் வறட்சியையும் கண்டான். இத்தகைய நிலத்தில் வாழ்பவனுக்கு முன்னறிவிப்பு என்பது செய்தியன்று. விதைநெல்லைப் போன்றதொரு தேவையாகும்.

குறி கண்டோரும் அளந்தறிந்தோரும்

மழை வருமா வராதா என்னும் வினா பழமையானது. கபிலர் பாரியின் நாட்டைப் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில், சனிக்கோள் புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளிக்கோள் தெற்கே ஓடினாலும் அந்நாட்டில் மழை பொய்யாது என்கிறார். பாரியின் பறம்பு, திண்டுக்கல்லுக்குக் கிழக்கே உள்ள பிரான்மலையே என்பர். பட்டினப்பாலையின் ஆசிரியரும் வெள்ளி திசை மாறித் தெற்கே சென்றாலும் காவிரி பொய்யாது என்று தொடங்குகிறார். இவ்விரு புலவரும் அக்கால மக்களின் வறட்சிக் குறிகள் யாவை என்பதை நமக்குக் காட்டுகின்றனர். குறி பொய்த்தாலும் மழை பொய்க்காத நாடு என்பதே அவர்கள் தந்த உயர்ந்த பாராட்டு.

புறநானூற்றின் வேறொரு பாடல் இன்னும் வியப்பூட்டுவது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் இயக்கத்தையும், காற்றுத் திரியும் திசையையும் நேரில் சென்று அளந்து வந்தவரைப்போல் 'இவ்வளவு' என்று கூறுவோர் உளர் என்கிறார். சோழன் நலங்கிள்ளியின் ஆற்றல் அத்தகையோராலும் அளத்தற்கரியது என்பது பாட்டின் கருத்து. எனினும், காற்றை அளக்க முயன்றதொரு கூட்டம் அக்காலத்திலேயே தமிழகத்தில் இருந்தது என்பதற்கு இது சான்றாகிறது. குறி பார்ப்பதற்கும் அளந்தறிவதற்கும் உள்ள வேறுபாடே வானிலை அறிவியலின் தொடக்கமாகும்.

பஞ்சம் எழுப்பிய ஆய்வுக்கூடம்

அளந்தறியும் பணி சென்னையில் முறையாகத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் நிறுவினர். அதன் கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பெற்றன. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. 1796 முதல் அங்கே நாள்தோறும் வானிலைக் குறிப்புகள் எழுதப்பெற்றன. அவ்வாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் குறுக்கே செல்லும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அறிவியலை மக்கள் மொழியில் சொல்லவேண்டும் என்னும் எண்ணம் அன்றே முளைத்திருந்தது.

அடுத்த இரண்டாண்டுகளில் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் கடுமையாகத் தாக்கப்பெற்றது. மழை பொய்த்ததே பஞ்சத்தின் தொடக்கம். தானியம் இருந்தும் அது ஏழைக்குக் கிட்டாமற் போனது அதன் கொடுமை. மழை பொய்ப்பதை முன்னரே அறிய இயலாதா என்னும் வினா எழுந்தது. வில்லியம் ஹண்டர் என்பார் சென்னையின் மழைப் பதிவுகளை ஆராய்ந்து, ஞாயிற்றில் தோன்றும் கரும்புள்ளிகள் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்புண்டு என்று 1877இல் எழுதினார். ஞாயிற்றை இடைவிடாமல் நோக்கினால் மழையை முன்னறியலாம் என்னும் நம்பிக்கை பரவியது.

அந்நம்பிக்கையின் பயனாக எழுந்தவற்றுள் ஒன்றே கொடைக்கானல் ஞாயிற்று ஆய்வுக்கூடம். இடம் தேடும் பணியை மைக்கி ஸ்மித் மேற்கொண்டார். கெல்வின் பெருமகன் தலைமையில் அமைந்த குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 முதல் 1971 வரை இந்திய வானிலைத் துறையின் பொறுப்பிலேயே அக்கூடம் இருந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இன்றும் அது திண்டுக்கல் மாவட்டத்தின் பெருமையாகத் திகழ்கிறது.

ஆயினும் எதிர்பார்த்த விடை கிட்டவில்லை. கரும்புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்லும் வழி பிறக்கவில்லை. வினா பிழைத்தது, ஆனால் நோக்குதல் பிழைக்கவில்லை. நாள் தவறாமல் எடுத்த ஞாயிற்றுப் படங்கள் உலகின் அரிய தொடர்பதிவுகளுள் ஒன்றாயின.

மழைக்கான விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். 1913இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த சீனிவாச இராமானுசனின் கணக்குகளைக் கண்டு, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதியவரும் இவரே. வாக்கர் உலகெங்கும் இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் கடற்பகுதியில் அழுத்தம் கூடும்போது இந்தியக் கடற்பகுதியில் குறைவதும், அங்கே குறையும்போது இங்கே கூடுவதும் ஊசலாட்டம்போல் நிகழ்வதைக் கண்டு அதற்குத் தென்னலைவு என்று பெயரிட்டார். பெரு நாட்டுக் கடலோரம் வெப்பமடையும் எல் நினோ நிகழ்வுக்கும் இதற்கும் உள்ள உறவு பின்னர் விளங்கியது. இந்தியாவின் தென்மேற்குப் பருவத்தை நலிவிக்கும் அதே எல் நினோ, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவத்திற்குப் பெரும்பாலும் துணைநிற்கிறது என்பது அறியத்தக்கது. திண்டுக்கல் வயலின் ஈரத்திற்கு விடை, பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள கடலில் இருந்தது.

கூடிச் சொல்லும் சொல்

காற்றுக்கு எல்லையில்லை. ஆதலால் வானிலை அறிவியல் தொடக்கம் முதலே கூடிச் செய்யும் பணியாயிற்று. 1873இல் வியன்னாவில் பல நாட்டு வானிலையாளர் கூடினர். 1950இல் உலக வானிலை அமைப்பு உருவாயிற்று. இன்றும் உலகெங்கும் ஒரே நேரத்தில் வானை அளக்கின்றனர். இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பலூன்கள் மேலேறுகின்றன. மழைமானியின் அளவு நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்பெறுகிறது. இவ்வொழுங்கு ஒரு நாட்டில் குலைந்தால் அண்டை நாட்டின் கணிப்பும் குறைபடும்.

ஒரு பருவம் முழுவதற்குமான மழையைச் சொல்வது இன்னும் அரிது. 1997இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் கூடிப் பருவமழை பற்றிய கூட்டறிக்கை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கின. உலக வானிலை அமைப்பின் துணையுடன் அவ்வழக்கம் பல பகுதிகளுக்கும் பரவியது. தெற்காசியப் பருவநிலை முன்னோக்கு மன்றம் 2010 ஏப்ரலில் புனே நகரில் முதன்முறையாகக் கூடியது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, மியான்மர் முதலிய நாடுகளின் வானிலையாளர் ஓரவையில் அமர்ந்து, தத்தம் கணிப்புகளை முன்வைத்து, வாதிட்டு, இறுதியில் ஒருமித்த கருத்தை எழுதுகின்றனர். அரசியலில் உடன்படாத நாடுகளும் மழையைப் பற்றி ஒரே தாளில் உடன்படுகின்றன என்பது போற்றத்தக்கது. புலவர் கூடி ஆய்ந்த சங்கத்தைப் போற்றும் தமிழர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

அவ்வறிக்கையின் மொழியை உற்று நோக்க வேண்டும். முப்பது ஆண்டுகளின் மழையைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி மூன்று கூறாக்கினால், பத்துப் பத்தாண்டுகளாக இயல்பினும் குறைவு, இயல்பு, இயல்பினும் மிகுதி என்னும் மூன்று பிரிவுகள் அமையும். வருகின்ற பருவம் எப்பிரிவில் அமைய எவ்வளவு வாய்ப்பு என்பதே அறிக்கை. எடுத்துக்காட்டாக, மிகுதியான மழைக்கு 45 விழுக்காடு வாய்ப்பு என்று கூறினால், அதுவே மூன்றனுள் முதன்மையான வாய்ப்பு என்பது பொருள். எனினும் மிகுதியாகப் பெய்யாமற் போவதற்கு 55 விழுக்காடு வாய்ப்புண்டு என்பதும் அதே வாக்கியத்தில் அடங்கியுள்ளது. அறிஞர் இதை அறிவர். ஆனால் அது செய்தித்தாளின் தலைப்பாகும்போது 'இவ்வாண்டு நல்ல மழை' என்று சுருங்கிவிடுகிறது. அத்தலைப்பை நம்பிக் கடன் வாங்கி நிலக்கடலை விதைப்பவன், வாய்ப்பை வாக்குறுதியாகக் கொள்கிறான். பிழை கணிப்பில் அன்று, சொல்லில்.

குடகனாறும் கசாவும்

சொல் வந்து சேராமையும், சேர்ந்த சொல் விளங்காமையும் எத்தகைய கேட்டைத் தரும் என்பதற்கு இம்மாவட்ட நிலப்பகுதியே இருமுறை சான்றாயிற்று.

1977 நவம்பரில் வங்கக் கடலில் தோன்றிய புயல், 12ஆம் நாள் நாகப்பட்டினத்தின் அருகே கரையைக் கடந்து, உள்நாட்டின் வழியே மேற்கு நோக்கி நகர்ந்தது. அந்நவம்பரில் குடகனாற்றில் பெருவெள்ளம் புரண்டது. வேடசந்தூர்ப் பகுதியில் குடகனாற்றின் குறுக்கே அப்போதுதான் புதிதாகக் கட்டப்பெற்றிருந்த மண்ணணைக்கு ஐந்து மதகுகள் இருந்தன. வெள்ளம் பெருகியபோது மதகுகளை உயர்த்த முயன்றனர். மின்சாரம் நின்றுபோயிற்று. மின்னாக்கி கொணர்ந்தும் பயன்படவில்லை. கைகளாலேயே உயர்த்தப் போராடினர். அணை தாங்குமென்று கணக்கிட்ட அளவினும் மிகுந்த நீர் வந்தது; கரையின் மேலேறி வழிந்து, பின்சரிவை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரையிலான உடைப்புகளை ஏற்படுத்தியது. மழை மறைவு நாடென்று பெயர்பெற்ற மண்ணில், நீர் மிகுந்ததால் அழிவு நேர்ந்தது. அவ்வணை பின்னர் மீண்டும் கட்டப்பெற்றது. மதகின் அடியில் நின்று கையால் இரும்பைச் சுழற்றிய அப்பணியாளர்களுக்கு, வரும் வெள்ளத்தின் அளவு ஒருநாள் முன்னரே தெரிந்திருப்பின் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நாற்பத்தோராண்டுகள் கழிந்து, 2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. இம்முறை துணைக்கோள்கள் பல நாள் முன்னரே அதைக் கண்டிருந்தன. எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பெற்றனர். முன்னறிவிப்பின் வெற்றி இதுவெனலாம். எனினும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயல் உள்நாட்டில் நகர்ந்து திண்டுக்கல் பகுதியையும் எட்டியது. கொடைக்கானல் மலைப்பகுதியில் மண்சரிவில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

இங்கேதான் சொல்லின் சிக்கலைக் காணவேண்டும். கரையைக் கடந்த புயலைப் பற்றி 'வலுவிழந்தது' என்று அறிவிப்பது முறை. வானிலையாளர் மொழியில் அது காற்றின் வேகத்தைப் பற்றியது. சுழற்காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். 50 முதல் 61 வரையாயின் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரையாயின் தாழ்வு மண்டலம். வேகம் குறைந்தால் பெயர் குறையும். மேகத்தில் உள்ள நீர் குறைந்துவிடாது. அம்மேகம் மலையில் மோதி ஏறும்போது பெருமழை கொட்டும். 'வலுவிழந்தது' என்று கேட்ட கடற்கரை மனிதன் நிம்மதி கொள்வது பொருந்தும். அதே சொல்லைக் கேட்டு மலைச்சரிவில் குடிசையில் உறங்குபவனும் நிம்மதி கொண்டால் அவனுக்கு ஆபத்து அங்கேயே தொடங்குகிறது.

சொல்லின் பொறுப்பு

அறிவிப்புகளில் நாள்தோறும் வழங்கும் வேறு சில சொற்களும் இத்தகையனவே. 'ஓரிரு இடங்களில் மழை' என்பதற்கு, ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கிலோ அதனினும் குறைவாகவோ மழை பதிவாகலாம் என்பது வரையறுத்த பொருள். நான்கில் மூன்று பங்கிற்கு மேல் பெய்யுமாயின் அதற்கு வேறு சொல் உண்டு. நிலக்கோட்டையில் பூப்பறிப்பவரும் ஒட்டன்சத்திரத்தில் வெங்காயம் அறுப்பவரும் இவ்வளவையை அறியார். அறிவிப்பைக் கேட்டபின் தம் வயலில் துளியும் விழவில்லையென்றால் 'பொய் சொல்லிவிட்டார்கள்' என்பர். உண்மையில் அறிவிப்பு மெய்த்திருக்கும். அடுத்த ஊரில் பெய்திருக்கும். இவ்வாறு நான்கைந்து முறை நேர்ந்தால் மெய்யான எச்சரிக்கை வரும் நாளிலும் அவர் செவி கொடார்.

'கனமழை' என்பது ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 வரை 'மிகக் கனமழை'; அதையும் கடந்தால் 'அதி கனமழை'. இவ்வெண்கள் பொறியாளர்க்கு விளங்கும். உழவனோ மழையை உழவால் அளக்கிறான். 'ஓர் உழவு மழை' என்றால் ஒருமுறை ஏர் பூட்டுதற்கு மண் நனைந்தது என்பது பொருள். 'இரண்டு உழவு மழை' என்றால் ஈரம் இன்னும் ஆழச் சென்றது என்பது பொருள். மில்லிமீட்டர் குவளையில் விழுந்த நீரைச் சொல்கிறது. உழவு மழை மண்ணில் இறங்கிய நீரைச் சொல்கிறது. இரண்டும் அளவைகளே. இவற்றை இணைத்துச் சொல்லும் பாலம் இன்னும் கட்டப்படவில்லை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை வரும் என்பது போன்ற நாட்டு வழக்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். அறிவியலுக்கும் மேலானவை என்று போற்றுவோரும் உளர். இரு நிலையும் நடுவுநிலைமை ஆகா. அவற்றுள் சில காற்றின் ஈரத்தை உற்று நோக்கியதால் பிறந்திருக்கலாம். சில தற்செயலாக ஒத்திருக்கலாம். எவை எவை என்று ஆய்வதற்கு வழி ஒன்றே. குறியையும் அதன் பின் பெய்த மழையையும் நாள்தோறும் எழுதி, பல ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்கர் செய்தது இதுவே. கொடைக்கானலில் செய்ததும் இதுவே.

இலக்கிய அன்பர்கள் இப்பணியில் ஆற்றத்தக்கவை இரண்டு. முதலாவது, தூறல், சாரல், அடைமழை, உழவு மழை என இம்மாவட்டத்து ஊர்தோறும் வழங்கும் மழைச் சொற்களை, வழங்குவோர் கூறும் பொருளோடு தொகுத்தல். மூத்த உழவர்களோடு அச்சொற்களும் மறைந்துவருகின்றன. இரண்டாவது, வானிலை அறிவிப்பின் சொற்களை ஊர்ப்பள்ளிகளிலும் நூலகங்களிலும் எளிய தமிழில் விளக்குதல். மஞ்சள் நிற எச்சரிக்கை என்றால் விழித்திருக்க வேண்டும் என்பதும், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக வேண்டும் என்பதும், சிவப்பு என்றால் உடனே செயற்பட வேண்டும் என்பதும் பள்ளிச் சிறுவர்க்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும்.

சென்னையில் 1792இல் நட்ட கல்தூணில், நிறுவியவரின் பெருமையைப் பின்னோர் அறியுமாறு தமிழ் பொறிக்கப்பெற்றது. இன்று வானிலை அறிவியலிடம் தமிழ் வேண்டிநிற்பது பெருமைக்குரிய இடமன்று. மழைக்கு முதல்நாள் மாலை, களத்தில் நிலக்கடலையைக் காயவைத்திருக்கும் ஒருவனுக்கு ஐயமின்றி விளங்கும் ஒரு வாக்கியமே. அவ்வாக்கியத்தை ஆக்கித்தரும் ஆற்றல் இவ்வவையில் இருக்கிறது. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் அப்பணியை மேற்கொள்ளுமாயின், வானம் பார்த்த பூமி இவ்வட்டத்தையும் நன்றியோடு பார்க்கும்.